மேடையையும் உடையையும் ஒருவரே யோசித்தால் அவருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் நாடக உலகத்தைப் பற்றி நாடக மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வரலாற்றுப் பகுதி தடையில்லாமல் ஓடியது. அவர்களுடைய நாடக வகைகளுக்குக் கொமெத்யா, சினாகுலோ, சர்சுவேலா என்று அவர்கள் சொற்களையே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் நிற்கும் ஆட்களைப் பற்றி எழுத உட்கார்ந்ததும்தான் கை நின்றது. மூன்று பேருக்குப் பெயர் வேண்டும்.

முதல் ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆளைத் தெரியாமல் சொல்லைத் தேடினால் அகராதியில்தான் போய் முட்டிக்கொள்வோம். அவர் சல்வதோர் பெர்னால். 1945ல் டகுபானில் பிறந்தவர். மணிலாவில் தத்துவம் படித்தார். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடக வடிவமைப்புப் பயின்று ஊர் திரும்பினார். முந்நூறுக்கு மேற்பட்ட தயாரிப்புகளுக்கு வேலை செய்தார். 2003ல் அவருக்குக் கலைஞர்களுக்கான நாட்டின் உயர்ந்த பட்டமான 'தேசியக் கலைஞர்' கிடைத்தது. நடித்ததற்கோ இயக்கியதற்கோ இல்லை, நாடக வடிவமைப்புக்கு. 2011ல் காலமானார்.

அவர் கையில் எடுத்த பொருட்களைப் பாருங்கள். மூங்கில் பட்டை, பச்சை அபாக்கா நார், கயிறு, பிரம்பு வளையங்கள் கோத்த சங்கிலி, 'காத்சா' என்கிற விலை குறைந்த பருத்தித் துணி. காத்சாவை நம் காடாத்துணிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அபாக்கா வேறு எதுவுமில்லை, கிணற்றடியில் கிடந்த மணிலாக் கயிற்றின் நார்தான். (கடலூர்ப் பக்கத்து நண்பர்களே, மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்கு இப்போது போக வேண்டாம்.) இவற்றை வேறொன்றாக வேஷம் போட வைக்காமல், அந்த நாருக்கும் மூங்கிலுக்கும் உள்ள அழகையே வெளியே கொண்டுவந்தார் என்பதுதான் அவர் பெருமை.

1980ல் பாலே பிலிப்பைன்ஸ் குழு ராமாயணத்தை 'ராம, ஹரி' என்று நடனமும் பாட்டுமாக மேடையேற்றியபோது மேடையும் உடையும் இவர் பொறுப்பு. 'ஹரி' என்றால் டகாலோக் மொழியில் அரசன். நமக்கு வேறு ஹரி ஞாபகம் வருவது இயல்புதான்.

இப்போது இவரைத் தமிழில் என்ன சொல்வது? நம் அழைப்பிதழ்களில் 'அரங்க அமைப்பு' ஒரு வரி, 'உடையலங்காரம்' ஒரு வரி, 'ஒப்பனை' ஒரு வரி. மேடையையும் உடையையும் ஒரே யோசனையாக யோசிக்கிற ஆளுக்கு அங்கே வரி கிடையாது. 'அரங்க அமைப்பாளர்' என்று எழுதினால் எனக்கே பந்தல்காரர்தான் கண்ணுக்குத் தெரிகிறார்.

இரண்டாமவர், டிராமாடர்க். சிலர் 'நாடகவியலாளர்' என்கிறார்கள். அது நாடகத்தை ஆராய்ச்சி செய்பவர். இவர் ஒத்திகையில் உட்கார்ந்து, பிரதியைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பவர்.

மூன்றாமவர், ஸ்டேஜ் மேனேஜர். நாடகம் நடக்கும்போது மேடைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் நடத்திக் கொடுப்பவர். ஒருமுறை நாங்கள் அழைப்பிதழில் தோழி ஒருவரின் பெயரை 'மேடை மேலாளர்' என்று அச்சடித்தோம். நாடகத்தன்று மாலை மண்டபக் காவலாளி வந்து அவரிடம் வாடகை பாக்கியைக் கேட்டார். அரை மணி கழித்து முன்வரிசைப் பெரியவர் ஒருவர் ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னார். அவர் பாவம், கையில் பிரதியும் காதில் ஹெட்செட்டுமாக நின்றுகொண்டிருந்தார்.

உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து.

*

மறுமொழி, மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, கடைசி ஆளை முதலில் முடித்துவிடுவோம். இங்கே பாடசாலையில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடம். 'நெறியாளர்', 'மேடை முகாமையாளர்' எல்லாம் பிள்ளைகள் வாயில் சாதாரணமாக வரும். முகாமையாளரிடம் ஒருவரும் மண்டப வாடகை கேட்க மாட்டார்கள். உங்களுக்கு அது இலங்கை வாடை அடிக்கிறதென்றால் அது உங்கள் பிரச்சினை.

இன்னொன்று. கொமெத்யாவைப் பற்றி நீங்கள் முந்திய மடலில் எழுதியதை வாசித்தேன். ஊர்த் திருவிழாவில் கிறிஸ்தவப் படையும் 'மூர்' என்கிற முஸ்லிம் படையும் செய்யுளில் வாதாடி, தாளத்துக்கு வாள் சண்டை போடுகிற நாடகம். அதில் நடிகர்களுக்கு வரி எடுத்துக் கொடுக்கிற 'அப்புந்தாதோர்' என்று ஒருவர் இருப்பதாகச் சொன்னீர்கள். எங்கள் கூத்திலும் ஏட்டைப் பார்த்து அடி எடுத்துக் கொடுக்க ஒருவர் நிற்பார். களரியில் எல்லோரையும் ஆட்டுவிக்கிறவர் அண்ணாவியார். அவர் பாட்டுப் பழக்குவார், ஆட்டம் பழக்குவார், மத்தளமும் அடிப்பார். உங்கள் மூன்று பேரும் அந்த ஒரு ஆளுக்குள் இருந்தவர்கள்தான். பிரித்து எடுத்தால்தானே பெயர் தேவைப்படுகிறது.

டிராமாடர்க்குக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது: உசாத்துணை. கலந்து பேச, கேட்டுத் தெளிய, பக்கத்தில் வைத்துக்கொள்கிற நம்பிக்கையான ஆள் என்பது அதன் பழைய பொருள். இப்போது நாங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'உசாத்துணை நூல்கள்' என்று போட்டு அதை அங்கேயே அடைத்துவிட்டோம். 'நாடக உசாத்துணைவர்' என்று வெளியே எடுத்தால் என்ன?

*

மறுமொழி, மதுரையிலிருந்து:

அண்ணே, வணக்கம். நான் விளக்கு போடுகிறவன். தமிழ்ப்புலவர்கள் மன்னிக்கவும்.

முதல் ஆளுக்கு ஏன் இவ்வளவு யோசனை? 'காட்சியமைப்பாளர்' என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறது. பார்க்கிற எல்லாமே காட்சிதான், அதை அமைக்கிறவர். உடையும் காட்சிக்குள் வந்துவிடும். புதுச்சொல் செய்தால் அதை விளக்க ஒரு சொல், அந்த விளக்கத்தை விளக்க இன்னொரு சொல் என்று போய்க்கொண்டே இருக்கும். பிலிப்பைன்ஸ்காரர்களே மேடையை 'என்தப்லாதோ' என்றும் திரையை 'தெலோன்' என்றும் ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டு நிம்மதியாக நாடகம் போடுகிறார்கள் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

உசாத்துணை நல்ல சொல் அக்கா. ஆனால் ஒத்திகையில் கூப்பிட முடியுமா? 'உசாத்துணைவரே, கொஞ்சம் இங்கே வாங்க' என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் உஷாராகிவிடுவார்கள்.

*

மறுமொழி, சென்னையிலிருந்து:

மதுரைத் தம்பிக்கு,

அதே பிலிப்பைன்ஸ்காரர்கள் 'தங்ஹால்' என்ற தங்கள் சொல்லிலிருந்து 'தங்ஹாலன்' என்று அரங்கத்துக்கும், 'பக்ததங்ஹால்' என்று நிகழ்த்துதலுக்கும் சொல் எடுத்திருக்கிறார்கள். 1987ல் தொடங்கிய அவர்களுடைய முக்கியமான குழுவின் பெயரே 'தங்ஹாலங் பிலிப்பினோ'. 'துலா' என்றால் நாடகம், 'மந்துதுலா' என்றால் நாடகம் எழுதுபவர். இரவலும் உண்டு, சொந்தமும் உண்டு. எங்கே எது என்பதுதான் கேள்வி.

'காட்சியமைப்பாளர்' ஏன் போதாது என்று சொல்கிறேன். 'அமைப்பு' என்றதும் கட்டி நிறுத்துகிற வேலை மனதில் வந்துவிடுகிறது. 1967ல் செசில் கிதோதே தொடங்கிய பெட்டா குழு, மணிலாவின் பழைய சாந்தியாகோ கோட்டை இடிபாடுகளுக்குள் ராஜா சுலைமான் அரங்கு என்ற திறந்தவெளியில் நாடகம் போட்டது. மேலே வானம், சுற்றிலும் ஸ்பானியர் காலத்துக் கற்சுவர். அங்கே டிசைனரின் வேலை சுவர் கட்டுவதில்லை. எந்தச் சுவரை இன்றைக்குப் பேச வைப்பது, எதை இருட்டில் விடுவது என்று பார்ப்பது. அதை 'அமைப்பு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் பழைய கதை ஒன்று. அமெரிக்கர்கள் 1901ல் அங்கே தேசத்துரோகச் சட்டம் கொண்டுவந்தார்கள். விடுதலை என்று பேசினால், எழுதினால் குற்றம். உடனே நாடகக்காரர்கள் குடும்பக் கதை, காதல் கதை என்ற போர்வையில் அரசியலை மேடையேற்றினார்கள். அவுரேலியோ தொலெந்தினோவின் 'கஹாப்போன், ங்காயோன் அத் புகாஸ்' 1903 மே மாதம் மணிலாவில் லிபர்தாத் அரங்கில் நடந்தது. தலைப்புக்கு 'நேற்று, இன்று, நாளை' என்று பொருள். பாத்திரங்களின் பெயரே கதையைச் சொல்லும். 'இனாங்பயான்' என்றால் தாய்நாடு. ஆசிரியருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

எனக்கு முக்கியம் அந்த நாடகங்களில் உடை செய்த வேலை. ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனி நிறத்தில் உடை. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண மேடை உடுப்பு. மேடையில் அங்குமிங்கும் நின்றுகொண்டிருப்பவர்கள், ஒரு சைகை வந்ததும் ஓடிவந்து நெருங்கி நிற்பார்கள். நீலம், சிவப்பு, வெள்ளை என்று பிலிப்பைன்ஸ் கொடி மேடையில் விரியும். சபை எழுந்து ஆர்ப்பரிக்கும். அடுத்த கணம் கலைந்துவிடுவார்கள். மறுபடி யாரோ ஒரு மாமன், யாரோ ஒரு மருமகள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி தான் பார்த்தது என்னவென்று யோசிப்பதற்குள் வசனம் எங்கேயோ போயிருக்கும்.

அந்தக் கொடி வசனத்தில் இல்லை, துணியில் இருந்தது. அப்படியென்றால் அந்த இடத்தில் நாடகத்தை 'எழுதியவர்' யார்? தைத்தவரும் நிறம் பிரித்தவரும்தானே? அதனால்தான் எனக்கு 'அமைப்பு', 'அலங்காரம்' இரண்டும் வேண்டாம். எழுதுவதற்குப் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரு சொல் வேண்டும்.

டிராமாடர்க் பற்றி இரண்டு வரி. 1767ல் ஹாம்பர்க் நகரத்து அரங்கில் லெஸ்ஸிங் அந்த வேலையில் அமர்ந்ததிலிருந்து அந்தச் சொல் ஐரோப்பாவில் ஊன்றிக்கொண்டது. மணிலாவில் அந்த வேலைக்குத் தனி அவசரம் இருக்கிறது. 2005லிருந்து 'வர்ஜின் லாப்ஃபெஸ்ட்' என்று இதுவரை மேடையேறாத புது ஓரங்க நாடகங்களுக்கென்றே விழா நடத்துகிறார்கள். புதிதாக எழுதியவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, 'இந்த அம்மா மூன்றாம் காட்சியில் எங்கே போனாள்?' என்று கேட்க வேண்டும். ஷேக்ஸ்பியரைப் பிலிப்பினோவில் போடும்போது எந்தக் காலத்து டகாலோக் என்று கேட்க வேண்டும். கேட்பதுதான் வேலை. அதனால் அக்கா சொன்ன 'உசா' எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 'துணை'யை விட்டுவிட்டு 'நாடக உசாவர்' என்று சுருக்கினால் மதுரையில் கூப்பிட முடியுமா?

*

மறுமொழி, மதுரையிலிருந்து:

'உசாவர்' கூப்பிடலாம் அண்ணே. போலீஸ் விசாரணை வாடை கொஞ்சம் அடிக்கிறது, பழகிவிடும்.

கொடிக் கதைக்கு நான் தோற்றுப்போனேன். 'காட்சியமைப்பாள'ரை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நீங்கள் கையேட்டின் முதல் வரைவில் பெட்டாவின் 'ராக் ஆஃப் ஈஜிஸ்' என்ற இசை நாடகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே, 2014ல் போட்டது, வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் குடியிருப்பு, மேடையில் நிஜமாகவே தண்ணீர், அதில் படகு. 2009ல் ஒண்டோய் புயலில் மூழ்கிய ஊரில், அதே ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி வந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துப் பாடுகிறார்கள் என்பது பெரிய விஷயம்தான். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு காரணத்துக்காக. மேடையில் தண்ணீர் என்றால் விளக்குக்காரனுக்குக் கேபிள்தான் கனவில் வரும். நனைந்த பலகையில் யார் வழுக்குவார், மைக் பெட்டி எங்கே விழும், எந்த வரியில் எந்த விளக்கு, எப்போது இருட்டு. அதை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நடத்திக் கொடுப்பவர் ஸ்டேஜ் மேனேஜர். அவர் 'கோ' என்றால்தான் என் விரல் நகரும். இயக்குநர் முதல் நாளோடு சரி. அப்புறம் தினமும் அவர் ராஜ்ஜியம்தான்.

'மேடை நடத்துநர்' என்று சொல்ல நினைத்தேன். எங்கள் ஊரில் நடத்துநர் என்றால் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பார். யோசித்தால் வேலை ஒன்றும் ரொம்ப வித்தியாசம் இல்லை. சரி, முகாமையாளரே இருக்கட்டும், அக்கா ஜெயித்துவிட்டார்.

*

மறுமொழி, தஞ்சாவூரிலிருந்து:

அன்பர்களுக்கு,

இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கேற்று காதையில் இளங்கோ அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு சொல்லி, தூணின் நிழல் அரங்குக்கு வெளியே போய் விழும்படி விளக்கு வைத்ததையும் சொல்கிறார். மதுரைத் தம்பி கவனிக்கவும். ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் அங்கே இலக்கணம் உண்டு. விளக்கு வைத்தவனுக்குப் பெயர் இல்லை. ஆகவே சென்னைத் தம்பியின் கவலை புதிதல்ல.

நீங்கள் தேடும் வேர் 'புனை' என்று நினைக்கிறேன். மாலை புனைவோம், ஆடை புனைவோம், பாட்டும் புனைவோம். எழுதுவதும் உடுத்துவதும் அழகு செய்வதும் ஒரே வினைக்குள் வருவது நம் மொழியில் இங்கேதான். நெடுநல்வாடையில் அணிகலன் இல்லாமல் இருக்கும் பாண்டிமாதேவியைப் 'புனையா ஓவியம்' போல் இருந்தாள் என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரம். அணியாத உடம்பும் தீட்டாத படமும் ஒரே சொல்லில். உங்கள் பெர்னாலின் கச்சா நாரும் வெளுக்காத துணியும் அந்தச் சொல்லுக்கு ஒத்துப்போகும்.

அரங்கப் புனைவு, செய்பவர் அரங்கப் புனைநர்.

*

மறுமொழி, மதுரையிலிருந்து:

ஐயா, விளக்குக்கு நன்றி. ஆனால் 'புனைவு' என்றால் இன்றைக்குக் கதை, கற்பனை. பேப்பரில் 'பொய் வழக்குப் புனைந்தனர்' என்று வருகிறது. 'அரங்கப் புனைநர்' என்று போட்டால் யாரோ டிக்கெட்டில் தில்லுமுல்லு செய்தவர் மாதிரி இல்லையா?

*

மறுமொழி, மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, வழக்கை 'ஜோடித்தார்கள்' என்றும்தானே உங்கள் பேப்பரில் எழுதுகிறார்கள்? அதே ஜோடனைதான் இங்கே கோயில் வாசலில் கட்டுகிற சோடனை. அதற்காக நாங்கள் தேருக்குச் சோடனை செய்வதை நிறுத்தவில்லை. தமிழில் அலங்கரிக்கிற சொல் எல்லாம் எப்போதாவது ஒருமுறை பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் வந்திருக்கிறது. அமெரிக்கன் கண்ணெதிரே கொடியைத் துணியில் ஒளித்தவர்களுக்கு அந்த இரண்டாம் பொருளும் பொருந்தும், யோசித்துப் பாருங்கள்.

*

மறுமொழி, சென்னையிலிருந்து:

அக்கா, ஐயா, தம்பி மூவருக்கும் நன்றி.

நேற்று எங்கள் ஒத்திகையில் மூன்று சொற்களையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம். 'மேடை முகாமையாளர்' என்றதும் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தார். வாடகை பாக்கி தன் தலையில் விழாது என்று உறுதியானதும் ஒப்புக்கொண்டார். 'உசாவர்' பற்றி இயக்குநருக்கு ஒரே ஒரு கவலை, 'இவர் என்னையும் உசாவுவாரா?' என்று. உசாவத்தான் செய்வார் என்றோம்.

புனைநர் விஷயத்தில்தான் எதிர்பாராத இடத்திலிருந்து கேள்வி வந்தது. அளவெடுக்க வந்திருந்த தையற்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, 'அப்ப புனையறது நானா, இல்ல நீங்க சொல்ற அவரா?' என்றார். யோசனை அவருடையது, தையல் உங்களுடையது என்று விளக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'கழுத்து எங்க திரும்பணும்னு நான்தான் சார் முடிவு பண்றேன்' என்றார். பெர்னால் 1995ல் அங்கே தொடங்கிய சங்கத்தின் பெயர் ஞாபகம் வந்தது: பிலிப்பைன்ஸ் நாடக வடிவமைப்பாளர்கள், தொழில்நுட்பர்கள் சங்கம். இரண்டு பேரையும் ஒரே பெயர்ப்பலகையில் சேர்த்திருக்கிறார். ஆகவே கையேட்டில் 'அரங்கப் புனைவு' என்று ஒரு தலைப்பைப் போட்டு, அதன் கீழே டிசைனரையும் தையல், தச்சு, சாயம் எல்லாவற்றையும் சேர்க்கிறேன். தனி ஆளைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'அரங்கப் புனைநர்'.

மடலை அனுப்பும் நேரத்தில் அச்சகத்திலிருந்து மாதிரிப் பக்கம் வந்தது. 'அரங்கப் புனைனர்: சல்வதோர் பெர்னால்' என்று இருக்கிறது. 'இயக்குநரை' இயக்குனர் ஆக்கிய அதே கை.

*

மறுமொழி, தஞ்சாவூரிலிருந்து:

கலைஞர், அறிஞர், வினைஞர் வரிசையில் 'புனைஞர்' என்று போட்டுவிடுங்கள். அச்சுக்கோப்பவர் 'ஞ'வில் கைவைக்கமாட்டார்.

*

மறுமொழி, மதுரையிலிருந்து:

புனைஞர் நன்றாக இருக்கிறது. ஐயா, அப்படியே விளக்குக்காரனுக்கும் ஒன்று. இளங்கோ விட்டுவிட்டார், நீங்களாவது.